மறந்துவிட்டேன் என்று சொன்னவர்

அவருக்கும் நாற்காலிக்கும் ஆகாது. எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்த காலம் முழுக்க நின்றார், நடந்தார், குனிந்தார், மிஞ்சிப்போனால் மேசை விளிம்பில் ஒரு கையை ஊன்றிக் கொஞ்சம் சாய்ந்தார். அவர் முழுதாக உட்கார்ந்து நான் கண்டது ஒரே ஒரு தடவை. அதைப் பிறகு சொல்கிறேன்.

"பிறகு" என்று எழுதும்போதே எனக்குக் கை கூசுகிறது. எங்கள் ஊரில் கூரை ஒழுகினாலும் "பொறகு பாப்பம்", கல்யாணப் பேச்சு வந்தாலும் "பொறகு பாப்பம்". அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே ஆயுளை ஓட்டிவிடுவோம். அவர் வந்து கற்றுக்கொண்ட முதல் தமிழ்ச்சொல் "இப்ப". "பொறகு" என்று யாராவது வாயெடுத்தால் விரலை நிலத்தைப் பார்க்கக் குத்தி, "இப்ப, இப்ப" என்பார். அதிகாரமாகச் சொல்லமாட்டார். அவசரமாக எங்கோ போகிறவர் வழி கேட்கிற மாதிரிச் சொல்வார்.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். நெட்டையான உடம்பு. குளிர் நாடொன்றில், மனிதரைவிட ஆடுகள் கூடுதலாக இருக்கும் ஒரு கிராமத்தில் ஆயுள் முழுக்கப் படிப்பித்துவிட்டு, தொண்டராக எங்களிடம் வந்தவர். ஒரு முழங்கால் மடங்கும்போது காய்ந்த கொப்பு முறிவதுபோல் சத்தம் கேட்கும். தலையில் சால்வை போடும்படி யாரும் சொல்லவில்லை, தானாகவே போட்டுக்கொண்டார். அது அவரோடு ஓடிக் களைத்து எப்போதும் தோளில் கிடக்கும். கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருக்கும், அதை மறந்துவிட்டு பென்சிலைத் தேடித் திரிவார். வகுப்புக் கொட்டிலைத் தானே கூட்டினார். ஆடிய வாங்குப் பலகைக்குத் தானே ஆணி அறைந்தார். இடைவேளையில் எல்லாரும் பிளேன்டீயோடு குந்தியிருக்க, அவர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வேலி நீளத்துக்கு நடப்பார். பிள்ளைகள் வைத்த பெயர் பம்பர மிஸ்.

எங்கள் அதிபர் தினமும் ஒரு தடவையாவது கும்பிடாத குறையாகச் சொல்வார்: "மிஸ், கொஞ்சம் இரிங்க மிஸ். ஒங்களப் பாக்க எங்களுக்குத்தான் மூச்சு வாங்குது."

அவர் வந்தது கடல் எங்கள் ஊருக்குள் வந்துபோன மூன்றாவது மாதம். கல்முனைக்குத் தெற்கே, கடலோரமாக இருந்த எங்கள் பள்ளிக்கூடத்தில் அத்திவாரம் மட்டும்தான் மிச்சம். அதே வளவின் மேற்கு மூலையில் தகரக் கூரையும் அரைச் சுவர்ப் பலகையுமாக இரண்டு கொட்டில் போட்டுத் தந்திருந்தார்கள். பகல் பத்து மணிக்கே தகரம் கொதிக்கும். பிள்ளைகளுக்கு அது ஒரு பொருட்டில்லை. அவர்கள் கவலையெல்லாம் கடல். பாடம் நடக்கும்போது புத்தகப்பையை யாரும் கழற்றமாட்டார்கள், முதுகிலேயே கிடக்கும். ஓட வேண்டி வந்தால் பையைத் தேடிக்கொண்டிருக்க முடியாதல்லவா.

மணிதான் முக்கியம். பழைய மணியைக் கடல் கொண்டுபோய்விட்டது. லொறிச் சில்லின் இரும்பு றிம் ஒன்றைப் பூவரசு மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். கொட்டில் திறந்த அன்று பெற்றோரும் பள்ளிவாசல்காரரும் கூடி ஒரு முடிவு எடுத்தார்கள். பாடம் மாறுவதற்கு, இடைவேளைக்கு, பள்ளிக்கூடம் விடுவதற்கு, எதற்கானாலும் ஒவ்வொரு அடியாக, இடைவெளி விட்டு அடிக்க வேண்டும். விடாமல் அடித்தால் கடல் வருகிறது என்று அர்த்தம். அதைக் கேட்டதும் பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஊருக்குச் சொல்லும். ஊர் மேற்கே, வட்டைப் பக்கம் ஓட வேண்டும். வட்டை என்று நாங்கள் சொல்வது வயல்வெளியை.

எங்கள் ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்த சட்டம் இது.

நான் அப்போது அங்கே தொண்டர் ஆசிரியை. சம்பளமில்லாமல் படிப்பித்துக்கொண்டு, என்றாவது நிரந்தர நியமனம் வரும் என்று காத்துக் கிடப்பவர்களுக்கு எங்கள் பக்கத்தில் வைத்திருக்கும் கௌரவமான பெயர் அது. நாலு வருடமாகக் கிடந்தேன். அவர் வந்த வாரத்து வெள்ளிக்கிழமை பெயர்ப்பட்டியல் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போகிறது. அதிபர் "கடமையில் குறையில்லை" என்று எழுதித் தர வேண்டும், அந்த ஒரு கடிதத்தில்தான் என் விதி. வாப்பா மௌத்தாகி, உழைக்க வேறு ஆளில்லாமல், தங்கச்சிமார் இரண்டு பேரோடு இருந்த எனக்கு அந்தக் கடிதத்தை விட்டால் வேறு போக்கில்லை.

திங்கட்கிழமை காலையில் அதிபர் என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், ஒங்களுக்குத்தான் இங்கிலிஷ் கதைக்க ஏலும். இண்டைக்கு வாற மிஸ்ஸ நீங்கதான் பாக்கணும். கிணறு, கக்கூஸ், வகுப்பு எல்லாத்தையும் காட்டுங்க. மொதல்ல மணியச் சொல்லுங்க, வெளங்கினதா? மணியச் சொல்லிட்டுத்தான் மத்ததெல்லாம்."

"ஓம் சேர்" என்றேன்.

மிஸ்ஸை வரவேற்ற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. மறைத்து என்ன, பொறாமைதான். மாலை, செவ்விளநீர், பிள்ளைகளின் பாட்டு. அதோடு எங்கிருந்தோ ஒரு புது நாற்காலி, மேலே வெள்ளைத் துணி விரித்து. நாலு வருடத்தில் நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. தொண்டர்களுக்குப் பிள்ளைகளின் வாங்குதான். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தாலாவது மனம் ஆறியிருக்கும். இரண்டு தரம் சுற்றி நடந்தவர், அதைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, "நீ இரு" என்று சைகை காட்டினார். நான் ஆசைப்பட்ட பொருள் அவருக்கு வேண்டாத பொருளாக இருந்ததுதான் எனக்குச் சுருக்கென்று குத்தியது.

வளவைச் சுற்றிக் காட்டும்போது என்னைப் பற்றிக் கேட்டார். நானும் தொண்டர்தான், நாலு வருடம், சம்பளமில்லை, வெள்ளிக்கிழமை கடிதம் போகிறது என்று சொன்னேன். அவர் நடந்துகொண்டே திரும்பிப் பார்த்தார்.

"அப்படியென்றால் தொண்டர் நீ. நான் வெறும் விருந்தாளி" என்றார் தன் மொழியில்.

மரியாதைக்குச் சொன்னார் என்று இன்றைக்கு விளங்குகிறது. அன்றைக்குக் கிண்டலாகப் பட்டது.

பூவரசு மரத்தடியில் நின்று றிம்மைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டார். இதைவிட நல்ல இடம் யாருக்குக் கிடைக்கும்? வாயைத் திறந்து நாலு வசனம் சொல்லியிருக்கலாம். வெயில் ஏறியிருந்தது, வயிறு எரிந்துகொண்டிருந்தது, ஊரே இவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடும்போது நான் ஏன் வேலைக்காரிபோல் பின்னால் திரிய வேண்டும் என்ற எண்ணம்.

"மணி. பிறகு சொல்கிறேன்" என்றேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயைத் திறக்காமல் கெட்டேன்.

வகுப்புக்குள் போனதும் அவருக்குக் கால் தரிக்கவில்லை. முதலில் பிள்ளைகளின் முதுகில் கிடந்த பைகளைக் கண்டு, பாவம் கனக்குமே என்று ஒவ்வொன்றாகக் கழற்றப் பார்த்தார். மூன்றாம் வகுப்பு றிஸ்னா என்ற பிள்ளை பையின் வாரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கியது. அவர் உடனே கையை எடுத்துவிட்டார். ஏன் என்று என்னைக் கேட்டார். காரணம் சொன்னேன். முகம் வெளிறிப் போய், றிஸ்னாவுக்கு முன்னால் முழங்கால் சத்தமிட மண்டியிட்டு, அந்த வாரைத் தன் கையாலேயே சரியாக இழுத்துவிட்டார். அப்போதாவது எனக்கு மணி ஞாபகம் வந்திருக்க வேண்டும். வந்தது. இடைவேளைக்குப் பிறகு பார்க்கலாம் என்று விட்டேன்.

இடைவேளையில் நாங்கள் ஆசிரியைமார் கொட்டில் நிழலில் பிளேன்டீயோடு இருந்தோம். நேரம் கொஞ்சம் இழுபட்டது. பிள்ளைகள் வளவெங்கும் சிதறிக் கிடந்தார்கள். மிஸ்ஸுடைய நாட்டில் பள்ளிக்கூட மணியை அடிப்பது ஒரு பெருமையாம். கையை வீசி, கிராமத்துக் கடைசி வீடு வரைக்கும் கேட்கும்படி நீளமாக அடிப்பார்களாம். அதெல்லாம் பின்னால் அறிந்தது. அந்த நேரத்தில் எனக்குக் கேட்டது சத்தம் மட்டும்தான்.

விடாமல் அடித்தது மணி.

நான் ஓடினேன். அடிப்பது யாராக இருக்கும் என்று ஊகிக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான். ஆனாலும் ஓடினேன். கோப்பை எங்கே போனதோ தெரியாது, கையில் அகப்பட்ட இரண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கேற்றைத் தாண்டியபோது பள்ளிவாசலில் இருந்து குரல் வந்தது: "கடல் வருது! கடல் வருது! அல்லாஹ்வே, வட்டப் பக்கம் ஓடுங்க!"

அந்தத் தெருவை நான் மறக்கமாட்டேன். சட்டியை அடுப்பில் விட்டுவிட்டு வந்த பெண்கள், பாதி முகச்சவரத்தோடு ஓடிய ஆண்கள், தாயை முதுகில் சுமந்த ஒருவர். ஓட்டோக்காரர்கள் ஆட்களை நெல்லுமூட்டைபோல் ஏற்றினார்கள். எல்லாரும் மேற்கே போய்க்கொண்டிருக்க, ஒரே ஒரு பெண் மட்டும் கிழக்கே, கடலைப் பார்த்து ஓடினார். வெள்ளைச் சீலை, வெறுங்கால். தலையில் மொட்டாக்கு இல்லை, கூந்தல் அவிழ்ந்து பறந்தது. அது றிஸ்னாவின் உம்மா, ஹலீமா ராத்தா.

ஹலீமா ராத்தாவின் கணவரைக் கடல் கொண்டுபோயிருந்தது. ராத்தா இத்தாவில் இருந்தார். கணவன் மௌத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளிக்கிடாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் காலம் அது. அத்தனை நாள் ஒரு அறைக்குள் இருந்தவர், ஊர் ஆண்கள் எல்லாரும் எதிரே ஓடிவரும் தெருவில், தலை திறந்தபடி தன் பிள்ளையைத் தேடி ஓடிக்கொண்டிருந்தார்.

அவரைக் கண்டதும் என் கால் நின்றது. திரும்பிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்கு அப்பால் கடல் பாய் விரித்ததுபோல் அமைதியாகக் கிடந்தது. பூவரசு மரத்தடியில் இரும்புக் கம்பி விழுந்து கிடந்தது. மிஸ்ஸைக் காணவில்லை. பிள்ளைகளைப் பக்கத்து ஆசிரியையிடம் விட்டுவிட்டுத் திரும்பி ஓடினேன்.

அவர் கொட்டிலுக்குள் இருந்தார். தான் என்ன செய்தோம் என்று தெரியாமலேயே, பிள்ளைகள் யாராவது மிச்சமா என்று வாங்குகளுக்குக் கீழே குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு. றிஸ்னா மட்டும் ஓடவில்லை. மேசைக்குக் கீழே பையோடு சுருண்டு, காதைப் பொத்திக்கொண்டு கிடந்தது. அவர் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வர, ஹலீமா ராத்தா கேற்றுக்குள் நுழைந்தார். பிள்ளையைப் பறித்து நெஞ்சோடு அமத்தினார். அதன்பிறகுதான் தலையில் ஒன்றுமில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. அவர் கை தலையைத் தடவிய விதத்தைக் கண்டு, மிஸ் தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து அவர் தலையில் போட்டார்.

கடல் வரவில்லை என்று பள்ளிவாசலில் சொன்னார்கள். போன சனம் திரும்பி வந்தது. பயத்தில் போனவர்கள் ஆத்திரத்தில் வந்தார்கள். கேற்றில் கூட்டம்.

"ஆரு மணி அடிச்ச? வெளிய வரச் சொல்லுங்க!"

"எங்கட வாப்பா வாய்க்காலுக்குள்ள விழுந்து கையொடிச்சிட்டார் சேர்! இதுக்கு ஆரு பதில் சொல்ற?"

அதிபர் எங்கள் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார். சேட்டு முழுக்க வியர்வை. மேசையில் என் கடிதத்துக்கான வெள்ளைத்தாள் இன்னும் எழுதப்படாமல் கிடந்ததைப் பார்த்தேன். அந்த நேரத்திலும் என் கண் அங்கேதான் போனது.

"டீச்சர்" என்றார். "மணியப் பத்தி இவக்குச் சொன்னீங்களா, இல்லையா?"

கேள்வி என்னிடம் கேட்கப்பட்டது. பதில் என்னிடம்தான் இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் பக்கம் திரும்பி, ஏதோ அவரிடம் கேட்ட கேள்விபோல் அதை ஆங்கிலத்தில் சொன்னேன்.

"மணியைப் பற்றி உங்களிடம் சொல்லப்பட்டதா என்று அதிபர் கேட்கிறார்."

அந்த ஒரு தடவைதான் அவருடைய உடம்பு அசையாமல் நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த வெள்ளைத்தாளையும் பார்த்தார் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். "பிறகு சொல்கிறேன்" என்று மரத்தடியில் நான் சொன்னது அவருக்கு ஞாபகம் இல்லாமல் இருக்காது. வந்து நாலு மணித்தியாலம்கூட ஆகவில்லை.

"சொன்னார்" என்றார். "காலையிலேயே தெளிவாகச் சொன்னார். நான் மறந்துவிட்டேன்."

அதிபர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் காப்பாற்றும் பொய்யை என் வாயாலேயே தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

"நான் சொன்னனாம் சேர். தான் மறந்திட்டாவாம்."

அதையே பிறகு கேற்றில் நின்ற கூட்டத்துக்கும் சத்தமாகச் சொன்னேன். மறந்ததைத் தன் வாயால் ஒப்புக்கொள்ளும் வெள்ளைக்காரியை என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. முணுமுணுத்துக்கொண்டு கலைந்தார்கள்.

மற்ற யாராக இருந்தாலும் அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பார்கள். இவர் பள்ளிக்கூடம் விட்ட கையோடு என் முன்னால் வந்து நின்றார்.

"வீடு வீடாகப் போக வேண்டும்" என்றார். "இப்ப."

போனோம். ஒவ்வொரு வாசலிலும் அவர் மன்னிப்புக் கேட்பார், நான் தமிழில் சொல்வேன். "மறந்திட்டாவாம், மன்னிக்கட்டாம்." என் பிழைக்கு இன்னொருவர் மன்னிப்புக் கேட்க, நான் அதற்கு மொழிபெயர்ப்பாளர். கை ஒடிந்தவரின் வீட்டில் முதலில் ஏசினார்கள். ஏசியவர்களே பிறகு பிளேன்டீ கொடுத்தார்கள். கை ஒடிந்த பெரியவர் சிரித்துவிட்டார்.

"இந்த வயசில நான் இப்பிடி ஓடுவன் எண்டு எனக்கே தெரியா" என்றார். "அவட்ட சொல்லுங்க, கால் ரெண்டும் நல்லா இரிக்கெண்டு இண்டைக்குத்தான் கண்டன்."

மிஸ் நின்றபடியே பிளேன்டீயைக் குடித்தார். எந்த வீட்டிலும் உட்காரவில்லை.

கடைசியாக ஹலீமா ராத்தா. அவருடைய வீடு போய்விட்டதால் தங்கச்சி வீட்டுப் பின்னறையில் இருந்தார். முற்றத்தில் இரண்டு பெண்கள் எங்களுக்குக் கேட்கும்படியே கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மொட்டாக்கும் இல்லாம ஊர் ஆம்பிளையள் எல்லாரும் பாக்க ஓடினவ. இத்தா முறிஞ்சுதானே? இனி மொதல்ல இருந்து இருக்கணும்."

என்ன சொல்கிறார்கள் என்று மிஸ் கேட்டார். சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த அறைக்குள் போனார். ஹலீமா ராத்தா பாயில் இருந்தார், மடியில் றிஸ்னா பையோடு தூங்கியது. அந்தப் பாயின் ஓரத்தில், முழங்கால் முறியும் சத்தத்தோடு, அவர் உட்கார்ந்தார்.

நான் சொன்ன அந்த ஒரு தடவை இதுதான். ஒரு மணித்தியாலம் இருந்தார். பேசியது கொஞ்சம். நீங்கள் எல்லாரையும்போல் ஓடாமல் பிள்ளையைத் தேடி வந்தீர்கள், உங்களை அப்படி ஓடவைத்தது என் மறதி, உங்களைப் பற்றி ஊர் கதைப்பதற்கும் நான்தான் காரணம், நீங்கள் என்னை மன்னிக்காவிட்டாலும் அது நியாயம் என்று சொன்னார். தமிழில் சொல்லிக்கொண்டு வந்த நான் பாதியில் நின்றுவிட்டேன். "என்ட மறதி" என்ற சொல்லைச் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. ஹலீமா ராத்தா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு மிஸ்ஸின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் மிஸ் பள்ளிவாசலுக்கு முன்னால் நின்று, இத்தா முறிந்ததா என்று மௌலவியிடம் கேட்க வேண்டும் என்றார். கேட்டேன். "உசிருக்கும் புள்ளைக்கும் பயந்து ஓடினதில என்ன குத்தம்? இத்தா முறியல்ல, ஒண்டும் முறியல்ல. கதைக்கிறவங்கட வாய்தான் குத்தம்" என்றார் மௌலவி. அந்த வசனத்தை மிஸ் எழுத்துக்கூட்டி மனப்பாடம் செய்துகொண்டு திரும்பப் போய், முற்றத்துப் பெண்களிடம் உடைந்த தமிழில் ஒப்புவித்தார். "மொறியல்ல, ஒண்டும் மொறியல்ல." அவர்கள் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதன்பிறகு அந்தக் கதையை யாரும் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அதிபர் கடிதத்தில் கையெழுத்து வைத்தார். கடமையில் குறையில்லை.

ஒரு நாள், பிள்ளைகளை வரிசையில் கூட்டிக்கொண்டு போகும்போது, தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன்: "ஏன் அப்படிச் சொன்னீர்கள்?"

எல்லாவற்றுக்கும் "இப்ப" என்கிற மனுஷி. பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், நல்ல தமிழில் சொன்னார்: "பொறகு."

சொல்லவேயில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை. சில நாள் அவரைப் பார்க்கவே பயமாக இருக்கும். மணியடிக்கும் முறை அவருக்கு அத்துப்படியாகிவிட்டது. ஒரு அடி அடித்து, உடனே உள்ளங்கையை றிம்மில் வைத்துச் சத்தத்தை அமத்துவார். அந்தக் கையைக் காணும்போதெல்லாம் என் முகத்தில் அடித்தது மாதிரி இருக்கும்.

பிறகு யுத்தம் மூண்டு, கடலை மறக்கும்படி வேறு சத்தங்கள் கேட்கத் தொடங்கின. றோட்டில் சோதனைச் சாவடிகள் கூடின. வெளிநாட்டுக்காரர் எல்லாரும் வெளிக்கிட வேண்டும் என்று அவரை அனுப்பியவர்கள் கூப்பிட்டுவிட்டார்கள். போகும் நாள் காலையில் ஒரு அடி, ஒரே ஒரு அடி அடித்து, கையால் அமத்திவிட்டு வாகனத்தில் ஏறினார். வாகனத்திலாவது உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கிறேன். எனக்கு நியமனம் வந்தபோது அவர் ஊரில் இல்லை. எழுதி அனுப்ப விலாசமும் கேட்டு வைக்கவில்லை.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம் பள்ளிக்கூடம் மெயின் றோட்டுக்கு மேற்கே புதுக் கட்டடத்துக்குப் போனது. மாடிக் கட்டடம், மின்சார மணி. அதைப் பொருத்திய ஆள் சுவிச்சை அமத்திக் காட்டப் போனார், நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன். அந்த மணிக்கு ஒவ்வொரு அடியாக அடிக்கத் தெரியாது. நீளமாகத்தான் கத்தும்.

ஓய்வுக்குக் கிட்டியிருந்த அதிபர் தலையைச் சொறிந்தார். "அதுவும் சரிதான். நாளைக்குப் புள்ளைகளுக்குச் சொல்லுவம். ஊருக்குப் பொறகு சொல்லலாம் டீச்சர்."

"இல்ல சேர். இப்பவே போறன்" என்றேன்.

வீடு வீடாகப் போனேன். "நாளைக்கு மணி நீளமா அடிக்கும், ஓடாதீங்க." கடைசியில் ஹலீமா ராத்தாவின் வீடு. வீட்டுத் திட்டத்தில் கிடைத்த சின்ன வீடு. றிஸ்னா பள்ளிக்கூடம் விட்டு வந்து ரியூசனுக்குப் போயிருந்தது. ராத்தா பாயில் இருந்தபடி சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். மணியின் செய்தியைச் சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். திரும்ப முடியவில்லை.

"ராத்தா, அண்டைக்கு அந்த மிஸ் மறக்கல்ல. மணியச் சொல்லுங்க எண்டு சேர் என்னிட்டத்தான் சொன்னவர். நான் சொல்லல்ல. பொறாமையில சொல்லல்ல. நீங்க தெருவில ஓடினது என்னாலதான்."

அவர் சுளகில் இருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார்.

"தெரியும் டீச்சர்."

"ஆரு சொன்ன?"

"நீங்கதான். மன்னிப்புக் கேட்ட மனிசி அழல்ல. அவ சொன்னதத் தமிழில சொல்லித் தந்த நீங்கதான் தேம்பித் தேம்பி அழுதீங்க. அப்பவே எனக்கு வெளங்கிட்டு."

"இவ்வளவு காலமும் ஏன் ராத்தா ஒரு சொல்லுக் கேக்கல்ல?"

"அவ போற அண்டைக்கு விடியவே தனிய வந்தா. நீங்க இல்ல. கையால மணியடிச்சுக் காட்டினா, பொறகு தன்ட தலையில தட்டினா. 'நான் மறதி, டீச்சர் நல்லம்' எண்டா. ரெண்டு மூணு தரம். நான் ஓம் எண்டு தலையாட்டுற வரைக்கும் வாசல விட்டுப் போகல்ல. ஒரு மனிசி அவ்வளவு மெனக்கெட்டு ஒரு பொய்யச் சொன்னா, அத நம்பாம எப்பிடி டீச்சர் அனுப்புற? நம்பித்தான் அனுப்பினன். ஒங்களையும் அண்டைக்கே பொறுத்திட்டன்."

சுளகை ஒரு தட்டுத் தட்டிப் பக்கத்தில் வைத்தார்.

"இரிங்க டீச்சர். தேத்தண்ணி ஊத்திட்டு வாறன்."

வந்த நேரத்திலிருந்து நான் நின்றுகொண்டே இருந்திருக்கிறேன். பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.